ஒரு டேப்பட் கவரும் தாமரை இலைத் தண்ணீரும்!

"ஏங்க, பாத்திரம் தேய்க்கிற சபீனா பவுடர் எங்கே போச்சு?"

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தபோது நான் மொட்டை மாடியில் இருந்தேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதே சபீனாவைப் போட்டு, தேங்காய் நாரால் ஒரு தகர டப்பாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

தகர டப்பா என்றா சொன்னேன்? எங்கள் மெக்கானிக் பாய் கேட்டால் கோபித்துக்கொள்வார். அது எங்கள் வீட்டு அம்பாசடரின் டேப்பட் கவர்!

பானெட்டைத் தூக்கியதும், எஞ்சின் தலைமேல் ரொட்டி டப்பாவைக் கவிழ்த்து வைத்த மாதிரி நீளமாக ஒன்று தெரியும் பாருங்கள்... அதேதான். ஆயில் ஊற்றும் மூடியும் அதன் தலையில்தான் இருக்கும். புத்தகத்தில் 'ராக்கர் கவர்' என்று போட்டிருப்பார்கள். ஆனால் புதுப்பேட்டையில் போய் 'ராக்கர் கவர்' என்று கேட்டுவிடாதீர்கள். மேலும் கீழும் பார்ப்பார்கள். 'டேப்பட் கவர்' என்று கேளுங்கள். 'ஆள் விவரமானவன்' என்று மரியாதையாவது கிடைக்கும்.

அதற்குள்ளே எட்டு குட்டி ஏற்றம் இருக்கிறது. கிணற்று ஏற்றம் மாதிரிதான். ஒரு முனையை புஷ் ராடு தள்ளும், மறுமுனை வால்வை அமுக்கும். வண்டி சும்மா நிற்கும்போது எஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுற்று சுற்றினால், ஒவ்வொரு வால்வும் 400 தடவை திறந்து மூடும். இத்தனை ஆட்டமும் எண்ணெயில் குளித்தபடிதான். அந்த எண்ணெய் வெளியே தெறிக்காமல் இருக்கத்தான் இந்த மூடி.

ஒரு மூடிக்குப் பெயின்ட் அடிக்க ஒரு மனுஷன் இவ்வளவு பாடா என்று கேட்பீர்கள். இரண்டு தடவை அடித்தேன் சார். முதல் தடவை அடித்ததில் அப்பா என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்!

வண்டி, 1988 மாடல், மார்க் 4. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். அப்பா முதல் முதலில் வாங்கிய கார்; கடைசிக் காரும் அதுதான். அப்போது எனக்கு ஒரு வயசு. அந்தக் காரில் போய்த்தான் எனக்கு மொட்டை போட்டார்கள், அதே காரில்தான் நான் மாப்பிள்ளை அழைப்புக்குப் போனேன். உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பதையே 2014-ல் நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்பாவுக்கு கண்ணில் புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. எனக்கோ ஆபீஸ் போக மெட்ரோ இருக்கிறது. ஒருநாள் சாப்பிடும்போது அப்பாவே சொன்னார்: "நிக்க வச்சே வண்டியைக் கொல்லக் கூடாதுடா. நல்ல கையா பார்த்துக் கொடுத்துடு."

நல்ல கையும் வந்தது. அப்பாவின் பழைய ஆபீஸ் நண்பருடைய பையன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பழைய கார் என்றால் பைத்தியம். "அங்கிள், ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்று போன் பண்ணினான்.

எனக்கு உடனே வியாபார மூளை வேலை செய்தது. பானெட்டைத் திறந்தால் எஞ்சின் முழுக்கக் கரியும் பிசுக்குமாக இருக்கிறது. டேப்பட் கவரின் ஓரத்தில் எண்ணெய் வேறு லேசாகக் கசிகிறது. 'மேலே பளபளன்னு ஒரு சிவப்பு அடிச்சுட்டா? பையன் அசந்துடுவான்ல!'

ஏன் சிவப்பு? இத்தாலிக்காரன் ஃபெராரி 1956-லேயே ஒரு பந்தயக் காருக்கு 'டெஸ்டா ரோஸா' என்று பெயர் வைத்தான். 'சிவப்புத் தலை' என்று அர்த்தம். அந்த எஞ்சினின் தலைமூடிக்குச் சிவப்பு அடித்திருந்ததால் வந்த பெயர். ஃபெராரிக்கு அடிக்கலாம், அம்பாசடருக்கு அடிக்கக்கூடாதா?

கார்த்திகை மாசம். வெளியே சிணுங்கல் மழை. சனிக்கிழமை ராத்திரி போர்டிகோ லைட்டில் வேலையை ஆரம்பித்தேன். மேலே இரண்டே இரண்டு நட்டு, பக்கத்தில் ஒரு ரப்பர் ஹோஸ். கழற்றினால் கவர் கையோடு வந்துவிடும். பனியன் வேஸ்ட்டில் பெட்ரோலைத் தொட்டு இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, ஹார்டுவேர் கடையில் வாங்கிய சிவப்பு ஸ்பிரேயைப் 'புஸ்...' என்று அடித்தேன். மனசு கேட்காமல் உள்பக்கமும் ஒரு கோட்!

பத்து நிமிஷத்தில் சிவப்பின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்தது. ஈரக் காற்றில் என்.சி. பெயின்ட் அடித்தால் அப்படித்தான் ஆகும் என்று எனக்கு அப்போது தெரியாது. பெயின்டில் இருக்கிற தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிந்துவிடுகிறது. 'பரவாயில்லை, அரை இருட்டுல தெரியாது' என்று இன்னொரு கோட் அடித்தேன்.

கவரையும் எஞ்சினையும் ஒட்டும் இடத்தில் ஒரு கார்க் கேஸ்கட் இருக்கும். அது வெயிலில் காய்ந்த வத்தல் மாதிரி விறைத்துக் கிடந்தது. அதையே திரும்ப வைத்தேன். கசியக்கூடாதே என்று இரண்டு நட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன்.

ஞாயிறு காலை பையன் வந்தான். பானெட்டைத் திறந்தேன். "வாவ் அங்கிள்!" என்றான். அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சிவப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"ஒரு ரவுண்டு போலாமா?"

போனோம். நங்கநல்லூரிலிருந்து கிளம்பி மீனம்பாக்கம் தாண்டவில்லை. பானெட் இடுக்கில் நீலமாகப் புகை! கார் பூரா சட்டியில் எண்ணெய் காய்ந்த நாற்றம். பையன் வண்டியை ஓரம் கட்டிப் பானெட்டைத் திறந்தான். சிவப்புத் தலை அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்திருந்தது. கவரின் பின்மூலையிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக, கீழே கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் விழுந்துகொண்டிருந்தது.

பையன் நல்ல பையன். "பழைய வண்டின்னா இதெல்லாம் சகஜம் அங்கிள். நான் யோசிச்சுச் சொல்றேன்" என்று ஆட்டோ பிடித்துப் போய்விட்டான்.

இரண்டு நாள் அப்பா பேசவே இல்லை. மூன்றாம் நாள் டி.வி.யில் நியூஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, என்னைப் பார்க்காமலேயே சொன்னார்:

"முப்பது வருஷம் ஆடிட்ல இருந்தேன். ஓட்டைக் கணக்குக்கு மேல வெள்ளையடிச்சுக் கொண்டு வந்து காட்டினவங்களை எத்தனை பேரைப் பிடிச்சிருப்பேன்! என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தன் இருப்பான்னு நினைக்கல. அதுவும் என் சிநேகிதன் பையன்கிட்டே."

சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாளே பாயைக் கூப்பிட்டேன். அப்பாவின் வண்டியை இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிறவர். கவரைக் கழற்றியவர், உள்பக்கத்தைப் பார்த்ததும் திகைத்துப் போனார்.

"உள்ளே யாரு தம்பி பெயின்ட் அடிச்சது?"

"நான்தான் பாய்... ஒரு இதுக்கு..."

"நல்ல இதுக்குப் போங்க! சுடு எண்ணெய் எந்நேரமும் இதுமேலதான் தெறிக்குது. பெயின்ட் உரிஞ்சு ஆயில்ல விழுந்தா எங்கே போவும்? கீழே ஆயில் பம்ப் ஜல்லடையில போய் அடைச்சுக்கும். ஆயில் மேல ஏறலைன்னா எஞ்சின் ஜாம். ரெண்டு ரூபா பெயின்ட்டுக்கு எஞ்சினையே காவு குடுக்கப் பார்த்தீங்களே!"

நல்லவேளை, இரண்டு மூன்று செதில்தான் உரிந்திருந்தது. பாய் ஆயிலை வடித்தார், சம்ப்பைக் கழற்றிக் கழுவினார், ஃபில்டரை மாற்றினார். கசிவு ஏன் அதிகமானது என்பதையும் காட்டினார். கவர் வெறும் தகடு. நட்டை அதிகமாக முறுக்கினால் தகடு வளையும், கார்க் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும், இடைவெளி கூடும். முறுக்க முறுக்கக் கசிவு ஏறுமே தவிர நிற்காது!

"சரி பாய், இந்தத் தடவை சைலன்சருக்கு அடிக்கிற பெயின்டா வாங்கிடறேன். 600 டிகிரி தாங்குமாமே?"

பாய் சிரித்தார். "அது சூட்டுலதான் வேகும் தம்பி. சைலன்சர்னா இருநூறு டிகிரிக்கு மேல சுடும், பெயின்ட் வெந்து கெட்டியாயிடும். டேப்பட் கவர் நூறு டிகிரியைச் சுத்தித்தான் நிக்கும். பெயின்ட் வேகாம பச்சையாவே இருக்கும். பெட்ரோல் பட்ட துணியால துடைச்சா கையோட வந்துடும். எஞ்சின் எனாமல்னு தனியா விக்குது. அதை வாங்குங்க. ஆனா ஒண்ணு... பெயின்ட்டுல ஒண்ணுமில்ல. தேய்க்கறதுலதான் இருக்கு."

அப்படித்தான் மொட்டை மாடியில் சபீனாவோடு வந்து உட்கார்ந்தேன். பொங்கல் லீவு, நல்ல வெயில், காற்றில் ஈரம் குறைவு. கவர் இல்லாமல் திறந்து கிடக்கும் எஞ்சின் மேல் தூசி விழாமல் சுத்தமான வேட்டித் துணியைப் போர்த்தி மூடியிருந்தேன்.

முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் கரியைச் சுரண்டினேன். பிறகு பெயின்ட் ரிமூவர். அதைத் தொடும்போது கையில் ரப்பர் உறை கண்டிப்பாக வேண்டும். தோலில் பட்டால் எரியும். மூடிய அறையில் அதைத் திறக்கவே கூடாது. சிலர் காஸ்டிக் சோடாவில் போடுவார்கள். இரும்புத் தகடு என்றால் தாங்கும். உங்கள் வண்டியில் அலுமினியக் கவர் என்றால் போட்டுவிடாதீர்கள், கவரையே தின்றுவிடும்!

உள்ளே அடித்த பாவத்தையும் ஒரு பொட்டு விடாமல் உரித்தேன். உள்பக்கம் ஒரு தடுப்புத் தகடு இருக்கிறது. அந்தச் சந்தில் மணல் மாதிரி எது புகுந்தாலும் பிறகு எஞ்சினுக்குள்தான் இறங்கும். அதனால் சாண்ட் பிளாஸ்டிங் பக்கமே போகவில்லை. வெளிப்பக்கத்தை மட்டும் 120 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, பிறகு 400-ல் தண்ணீர் தொட்டு இழைத்தேன். உள்ளும் புறமும் திரும்பத் திரும்பக் கழுவினேன். பளபளவென்று முகம் தெரிந்தது.

"முடிஞ்சுது! பிரைமர் அடிக்க வேண்டியதுதான்" என்று எழுந்தேன்.

"தண்ணி ஊத்திப் பார்த்தியா?"

திரும்பினால் அப்பா! மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றார். ஆறு வாரத்துக்குப் பிறகு அவராக வந்து பேசிய முதல் வார்த்தை.

"எதுக்குப்பா?"

பதில் சொல்லாமல் ஒரு சொம்புத் தண்ணீரைக் கவர்மேல் ஊற்றினார். ஒரு பக்கம் தண்ணீர் விரித்த பாய் மாதிரி பரவியது. நடுவில் மட்டும், தாமரை இலையில் உருளுகிற மாதிரி முத்து முத்தாகத் திரண்டு நின்றது.

"அங்கே இன்னும் எண்ணெய் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. தண்ணிக்குத் தெரியும்."

மண்ணெண்ணெய் பிசுக்கைக் கரைக்கும். ஆனால் போகிற போக்கில் தானும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். அதைச் சோப்பு போட்டு விரட்டாவிட்டால் பெயின்ட் இரும்பைப் பிடிக்காது, எண்ணெயைத்தான் பிடிக்கும். எஞ்சின் சூடானதும் அப்பளம்! என் முதல் பெயின்ட் ஏன் பொரிந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

மறுபடி சபீனா, வெந்நீர். தண்ணீர் ஊற்றினார். முத்து. மறுபடி தேய்த்தேன். ஒரு மூலையில் மட்டும் இரண்டு முத்து. "ஆடிட் அப்ஜெக்‌ஷன் இன்னும் கிளியர் ஆகல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

நாலாவது தடவை தண்ணீர் ஒரே படலமாக வழிந்தது. "ம்..." என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

கழுவிய இரும்பு சும்மா விட்டால் சில நிமிஷத்தில் துரு பூக்கும். அதனால் உடனே துடைத்து, வெயிலில் சுடச்சுடக் காயவைத்து, தின்னர் தொட்ட வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடைத்தேன். அதற்குப் பிறகு வெறும் கையால் தொடவில்லை. கைரேகையும் எண்ணெய்தானே! கேஸ்கட் உட்காரும் விளிம்பையும், ஆயில் மூடி வாயையும், உள்பக்கத்தையும் டேப்பும் பேப்பரும் ஒட்டி மூடினேன்.

பிரைமர், அப்புறம் கலர். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் டப்பாவைப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். முதல் கோட்டில் அடியில் இருப்பது தெரியத்தான் செய்யும். தெரியட்டும். 'ஒரே கோட்டில் மறைத்துவிடுகிறேன்' என்று அடித்தால் வழிந்துவிடும். பத்து நிமிஷம் விட்டு இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. அத்தோடு நிறுத்திவிட்டேன். பாதி காய்ந்த எனாமல் மேல் மறுநாள் போய் அடித்தால் சுருங்கிக் கிழவி முகமாகிவிடும். எத்தனை மணிக்குள் அடிக்கலாம், இல்லையென்றால் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பது டப்பாவிலேயே அச்சடித்திருக்கும். யாரும் படிப்பதில்லை!

"காயறதுக்கு நம்ம ஓவன்ல வைக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"வச்சா, அதுலேயே உங்களுக்குச் சாப்பாடு" என்றாள் மனைவி. அவள் சொன்னது நியாயம். சோறு வேகிற அடுப்பில் பெயின்ட் வேகக்கூடாது. இரண்டு நாள் நிழலில் காயவிட்டேன்.

கலர்? மறுபடியும் சிவப்புதான். ஃபெராரி கதையை அப்பாவிடம் சொன்னேன். "அவன் உள்ளே எல்லாத்தையும் சரியா வச்சுட்டு, அப்புறம் மேல சிவப்பு அடிச்சான்" என்றார். பிறகு, "டேப்பட் செட் பண்ணி எத்தனை நாளாச்சு? கவர் கழண்டிருக்கும்போதே பண்ணிடலாம். ஃபீலர் கேஜை எடு" என்றார்.

அப்புறம் நடந்ததை நான் மறக்க மாட்டேன். நாலு பிளக்கையும் கழற்றினோம். அப்பா துணியை விலக்கிக் குனிந்தார். வண்டி நாலாவது கியரில். நான் பின்னாலிருந்து இஞ்ச் இஞ்சாகத் தள்ள வேண்டும்.

"கணக்கு ஒன்பது. ஞாபகம் வச்சுக்கோ. எட்டாவது வால்வு முழுசா அமுங்கியிருந்தா ஒண்ணாவதைச் செட் பண்ணணும். ஏழாவது அமுங்கினா ரெண்டாவது. ஆறுக்கு மூணு. ரெண்டையும் கூட்டினா எப்பவும் ஒன்பது வரணும்."

"சூப்பரா இருக்கேப்பா!"

"இந்த எஞ்சினைப் போட்டவன் கணக்கு தெரிஞ்சவன்டா" என்றார். கண் சரியாகத் தெரியாதவர், ஃபீலர் கேஜ் தகட்டை இடைவெளியில் விட்டு இழுத்துப் பார்த்தே 'இறுக்கம்', 'லூசு' என்று சொன்னார். (இடைவெளி எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டி புத்தகத்தைப் பாருங்கள்.) எட்டு வால்வு முடிக்க ஒன்றரை மணி நேரம். தள்ளித் தள்ளி என் இடுப்பு கழன்றது. அப்பா பேசிக்கொண்டே இருந்தார்.

புது கார்க் கேஸ்கட் இரண்டு மசால் தோசை காசுகூட ஆகவில்லை. கவர் பக்கம் மட்டும் பசை தடவி ஒட்டினோம். எஞ்சின் பக்கம் தடவவில்லை. அப்போதுதான் அடுத்த தடவை கிழியாமல் கழற்றலாம். நட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பரும் புதுசு. முறுக்குவதற்கு ஸ்பேனரை என்னிடம் கொடுத்துவிட்டு, என் மணிக்கட்டு மேல் அப்பா கை வைத்துக்கொண்டார். "போதும்" என்று அவர் சொன்ன இடம், முன்பு நான் முறுக்கியதில் பாதிகூட இல்லை.

சாவியைத் திருப்பினேன். 'டிக் டிக்' சத்தம் அடங்கி, எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. அரை மணி நேரம் ஓட விட்டோம். அப்பா கவரின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கைக்குட்டையை ஓட்டி எடுத்துப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

மறுநாள் அந்தப் பையனுக்கு அப்பாவே போன் போட்டார். வந்தவனிடம் ஒரு முழுத்தாளை நீட்டினார். கொட்டை எழுத்தில் வரிசையாக நம்பர் போட்டு எழுதியிருந்தார்: 1. பின் இடது கதவு அடியில் துரு. 2. மூன்றாவது கியர் மழை நாளில் அடம்பிடிக்கும். 3. சென்ற கார்த்திகையில் என் மகன் டேப்பட் கவரின் உள்ளே பெயின்ட் அடித்தான், சம்ப் கழுவப்பட்டது...

மொத்தம் பதினேழு அயிட்டம்!

பையன் படித்துவிட்டுச் சிரித்தான். "அங்கிள், இந்த லிஸ்டோட சேர்த்துதான் வாங்குவேன். ஆனா வீட்ல கார் நிறுத்த இடம் ரெடியாகணும். ஆறு மாசம் டைம் கொடுங்க" என்று கேட்டான். அப்பா சரி என்றார்.

அதனால் வண்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பானெட்டைத் திறந்து வைத்துக்கொள்கிறார். காஸ் சிலிண்டர் போட வந்தவர், கூரியர் பையன், எதிர்வீட்டு மாமா... யார் வந்தாலும் தப்ப முடியாது. சிவப்புத் தலையைக் காட்டிவிட்டு மறக்காமல் சொல்கிறார்:

"என் பையன் அடிச்சது. ரெண்டாவது தடவை."